பெரட்டுக்கு வராத நாலு கோர்

1. காலையில் வந்த படம்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கம்ப்யூட்டர் திரையைக் கோணலாகப் பிடித்த படம். நடுவில் சிவப்பில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் 'கோர்: 2'. கீழே ஒரே வரி: "சேகர், மிச்சம் நாலு எங்க?"

அனுப்பியவர் உலு யாம் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து மேனேஜர். தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது.

புக்கிட் செந்தோசாவில் நான் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. படிவம் இரண்டோடு, பதினாலு வயதில், பள்ளிக்கூடத்தை விட்டவன். ராவாங்கில் தௌக்கே என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் டிவி கடையில் ஈயம் பற்றவைக்கக் கற்றேன், அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தேன். கடைச் சுவரில் மாட்டுவதற்குச் சான்றிதழ் எதுவும் கிடையாது, காலண்டர்தான் மாட்டியிருக்கிறேன். அதனால் யாராவது 'நீ கொடுத்தது சரியில்லை' என்று சொன்னால், அவர் தப்பாகச் சொல்கிறாரோ என்று எனக்குத் தோன்றாது. நான் எங்கே தப்பு செய்தேன் என்றுதான் முதலில் தோன்றும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கோர் என்றால் என்ன என்று வாடிக்கையாளர் கேட்டால், கம்ப்யூட்டரின் மூளை, அதன் பகுதி என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். தோட்டத்தில் நான் இப்படிச் சொல்வேன். ப்ரொசசர் என்பது குலை வெட்டுகிற ஒரு கும்பல். கோர் ஒவ்வொன்றும் ஓர் ஆள். விண்டோஸ்தான் அவர்களை வேலை வாங்குகிற மண்டோர். காலையில் மெஷினைத் திறந்ததும் மண்டோர் பெரட்டு எடுக்கிறார், அதாவது வரிசையில் நிற்க வைத்து ஆள் எண்ணுகிறார். பெரட்டில் பேர் விழாதவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. அவன் தோட்டத்து லயத்து வீட்டில் நல்ல உடம்போடு உட்கார்ந்திருந்தாலும் சரி.

அந்த மேனேஜருக்கு நான் ஏழு மாதத்துக்கு முன்னால் கொடுத்தது ஆறு கோர் மெஷின். இரண்டு வாரமாக அது நகரவில்லையாம். லோரித் தராசுக் கணக்கைத் திறந்தால், திறப்பதற்குள் ஒரு தே தாரிக் குடித்து முடித்துவிடலாம். ஹெட் ஆபீஸோடு வீடியோ மீட்டிங் போட்டால் மேனேஜர் வாயை மூடிய பிறகுதான் குரல் போய்ச் சேருகிறது. கோலாலம்பூரில் படிக்கும் அவருடைய அக்கா மகன், டாஸ்க் மேனேஜரைத் திறந்து கோர் எத்தனை என்று பாருங்கள் மாமா என்று சொல்லியிருக்கிறான். பார்த்தார். இரண்டு.

என்னிடம் கேட்டதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கம்பெனிக்கு ஆறு தோட்டம். ஆறு மேனேஜர்களும் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில், என் பெயரைப் போட்டு, ஆறு என்று சொல்லி இரண்டைக் கொடுக்கிறான், ஜாக்கிரதை என்று எழுதிவிட்டார். வியாழக்கிழமை ஹெட் ஆபீஸிலிருந்து ஆடிட் வருகிறது, அதற்குள் ஆறும் வராவிட்டால் போலீஸ் ரிப்போட்டு என்று எனக்குத் தனியாக ஒரு குரல் பதிவு. ஆறு தோட்டம் என்பது என் வேலையில் பாதி. அதைவிட, நம்மிடம் சான்றிதழும் கிடையாது, பேரும் போனால் பிறகு கடையில் என்ன இருக்கிறது?

பில் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். 'கம்ப்யூட்டர் ரிப்பேர்' என்று என் கையெழுத்தில் இருந்தது. அவ்வளவுதான். ஆறு கோர் என்று ஒரு சொல் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்றால் ஹெட் ஆபீஸில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், வருஷம் ஓடிவிடும். ரிப்பேருக்கு மேனேஜர் கையெழுத்து போதும். அதனால் ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி, பெருமாள் அண்ணன், ரிப்பேர் என்றே பில் எழுதித் தரச் சொன்னார். எல்லாத் தோட்டத்திலும் அப்படித்தான் நடக்கிறது. நானும் எழுதிக் கொடுத்தேன். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு, அதே மேசையில், அதே வயரில், முழுக்கப் புது மெஷினை வைத்தேன். காகிதத்தைப் பார்த்தால் அது இன்னமும் பழைய மெஷின்தான்.

2. எண்ணிப் பார்த்துவிடலாம்

பத்து மணிக்குத் தோட்ட ஆபீஸில் இருந்தேன். மேனேஜர் பசியாறினாயா என்றுகூடக் கேட்கவில்லை.

"தொறந்து காட்டு. எண்ணிப் பாத்துடலாம்" என்றார்.

கோர் என்பது கண்ணுக்குத் தெரிகிற சாமான் இல்லை, நகம் அளவு சில்லுக்குள் இருக்கிறது, திறந்தால் மூடிதான் தெரியும் என்று விளக்கினேன்.

"கண்ணால பாக்க முடியாதத ஆறுன்னு எப்படி வித்தே?"

நிதானமாக யோசித்தால் அவர் கேட்டது நியாயம் மாதிரிதான் படுகிறது.

பயத்தில் நான் செய்த முதல் காரியம், செய்யக்கூடாத காரியம். காற்றாடியைக் கழற்றி, சூடு கடத்துகிற பசையைத் துடைத்து, ப்ரொசசர் மூடியில் அச்சடித்த எண்ணைப் படித்தேன். ஆறு கோர் எண்தான். மேனேஜர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். உடனே எனக்கு அடுத்த கவலை. மூடியை மாற்றி ஒட்டி விற்கிறவர்களும் இருக்கிறார்களே, எனக்குச் சாமான் கொடுத்தவன் அப்படிக் கொடுத்திருந்தால்? அந்த யோசனையிலேயே பசையை மறுபடி தடவினேன். சுண்டைக்காய் அளவு போதும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற நான், அன்றைக்கு ரொட்டிக்குக் காயா ஜாம் பூசுகிற மாதிரி பூசிவிட்டேன். பாதியை வழித்து எடுக்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகளே, நீங்கள் முதலில் பயாஸைப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். பயாஸ் என்பது விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்னால் மெஷின் தன்னைப் பற்றித் தானே சொல்வது. மண்டோர் வருவதற்கு முன்னால், லயத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயாஸிலேயே ஆள் குறைந்திருந்தால் சாமானில் குறை, அல்லது அங்கே யாரோ கோரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பயாஸில் ஆறு இருந்து விண்டோஸில் இரண்டு இருந்தால் சாமான் சுத்தம். மண்டோர்தான் எண்ணாமல் விடுகிறார்.

நான் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, கடைசியாகத்தான் பயாஸுக்குள் போனேன். ஆறு இருந்தது. மூச்சு திரும்பியது.

மண்டோர் ஏன் எண்ணவில்லை என்று பார்க்க ஓர் இடம் உண்டு. எம்எஸ்கான்ஃபிக் என்று அடித்து, பூட் என்ற பக்கத்துக்குப் போய், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்பதைத் திறந்தால், ப்ரொசசர் எண்ணிக்கைக்கு ஒரு கட்டம் இருக்கும். அந்தக் கட்டம் காலியாக இருக்க வேண்டும். காலியாக இருந்தால் விண்டோஸ் இருக்கிற ஆள் எல்லாரையும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். அங்கே டிக் போட்டு, பக்கத்தில் 2 என்று தேர்ந்தெடுத்திருந்தது. டிக்கை எடுத்தேன், மெஷினை மூடித் திறந்தேன். டாஸ்க் மேனேஜரில் ஆறு கட்டம் வரிசையாக வந்து நின்றது. மேனேஜர் திரையில் விரலை வைத்து ஒண்ணு, ரெண்டு என்று எண்ணினார். ஆறாவதில் விரல் நின்றது.

"ம்" என்றார்.

குரூப்பில் போட்டதை எடுத்துவிடுங்கள் சார் என்று கேட்டேன். ரெண்டு நாள் ஓடட்டும், பார்க்கலாம் என்று தன் அறைக்குப் போய்விட்டார்.

அந்த டிக் எப்படி வந்தது என்று பெருமாள் அண்ணன் என்னிடம் கேட்டார். விண்டோஸ் அப்டேட்டாக இருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆமாம், அப்டேட்டுதான், அப்டேட்டேதான் என்று வேகமாகத் தலையாட்டினார். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எந்தக் கிராணியும் நான் சொன்னதை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதில்லை.

3. நான் போனால் இரண்டு

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் படம். மறுபடியும் வட்டம். இந்தத் தடவை குரலும் வந்தது.

"நீ இருந்தா ஆறு, நீ போனா ரெண்டு. என்ன சேகர், மந்திரவாதி வேலயா?"

தோசையைப் பிட்டவன் பிட்டபடி இருந்தேன். எனக்கே தெரியாமல் நான் ஏதாவது செய்திருப்பேனோ என்ற அளவுக்கு யோசனை போய்விட்டது. என் மனைவி சரோஜா சட்னியை நகர்த்தி வைத்தாள்.

"அதுல நாலு கோர் கொறஞ்சா என்னங்க, உங்க மண்டையில ஓய்வே இல்லாம ஓடுதே, அதுல நாலக் கழட்டிக் குடுத்துட்டு வாங்க."

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன். டிக் தானாக விழாது. காற்று அடித்து விழாது. அப்டேட் போடுகிற டிக்கும் இல்லை அது. ஐந்து படி ஏறி உள்ளே போய் ஒரு மனுஷன் போட வேண்டும்.

மேனேஜர் வயலுக்குப் போயிருந்தார். பெருமாள் அண்ணன் மேசையில் இருந்த மெஷினில் அதே இடத்தில், அதே டிக், அதே இரண்டு. அதை எடுத்துவிட்டு மெஷின் மூடித் திறக்கிற வரைக்கும், கையை மேசைமேல் வைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். கிராணி மேசைகளில் ஒரு கண்ணாடி இருக்கும், அதற்கு அடியில் உலகமே இருக்கும். சம்பள நாள் பட்டியல், சாமி படம், லோரி டிரைவர்களின் நம்பர். அவற்றுக்கு நடுவில், நேற்று நான் தேநீர்க் கோப்பை வைத்த இடத்தில், கோடு போட்ட காகிதம் ஒன்று. முத்து முத்தான கையெழுத்து.

'1. ஜன்னல் படம் உள்ள சாவியையும் ஆர் சாவியையும் சேர்த்து அழுத்தவும்.' அப்படியே ஐந்து படி. ஐந்தாவது: '2 என்பதைத் தேர்ந்து ஓகே கொடுக்கவும். பயப்பட வேண்டாம்.'

4. கண்ணாடிக்கு அடியில் இருந்தது

பெருமாள் அண்ணன் மறைக்கவில்லை. நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சேகரு, ஃபாரத்துல ரெண்டுன்னு இருக்குடா. நான் என்ன பண்ணட்டும்?"

ஃபாரத்தைக் காட்டினார். தோட்ட ஆபீஸில் உள்ள சாமான்களின் பட்டியல். ஹெட் ஆபீஸ் அச்சடித்து அனுப்புவது. மேசை, நாற்காலி, பீரோ, கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு நேராக ஸ்டிக்கர் நம்பர், பக்கத்தில் கோர்: 2. பழைய மெஷின் இரண்டு கோர்தான். அது இன்னும் உயிரோடு இருப்பதாகத்தானே காகிதம் சொல்கிறது, அதனால் இந்த வருஷமும் இரண்டு. முன்பெல்லாம் ஆடிட் வருகிறவர்கள் ஸ்டிக்கரை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த வருஷம் மெஷினைத் திறந்து கோரையும் சரிபார்ப்போம் என்று இரண்டு வாரத்துக்கு முன் கடிதம் வந்திருக்கிறது. நல்ல வேளை, ரேம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அண்ணன் அதையும் குறைத்திருப்பார்.

கம்ப்யூட்டரை வேகமாக்குவது எப்படி என்று யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். அதில் சொன்னதை அப்படியே எதிர்ப்பக்கம் செய்திருக்கிறார்.

"முப்பத்தோரு வருஷ சர்வீஸு. என் ஃபாரத்துல ஒரு அடித்தல் திருத்தல் பாத்திருக்கியா நீ?"

"அதுக்காக மெஷினத் திருத்துவீங்களாண்ணே?"

"பின்ன? மெஷின்ல திருத்துனா அடிச்ச அடையாளம் தெரியாது லா."

நான் என் நிலைமையைச் சொன்னேன். குரூப்பில் என் பேர் கிடந்து நாறுகிறது, ஆறு தோட்டமும் படித்தாயிற்று, உங்களுக்கு ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம், எனக்கு அந்த வசதி கிடையாது என்றேன். இதையெல்லாம் முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டேன். சொல்ல வாயெடுத்தாராம், நான் அப்டேட் என்று சொன்னதும் அதுவே நல்ல காரணமாகப் பட்டதாம்.

கொஞ்ச நேரம் ஃபாரத்தின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"தொர வரட்டும். ரெண்டு பேருமே போவோம்."

மேனேஜர் வந்ததும் அவருடைய அறையில் ஃபாரத்தையும் அந்த ரிப்பேர் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெருமாள் அண்ணன் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் முகம் சிவந்துகொண்டே வந்தது. எந்த மடையன் புது மெஷினை ரிப்பேர் என்று எழுதினான் என்று கேட்டபடியே பில்லின் அடிப்பக்கம் போனார். அங்கே நின்றார்.

"இது யாரு கையெழுத்து?"

"உங்களதுதான் தொர" என்றார் பெருமாள் அண்ணன், மிகவும் மரியாதையாக.

மேனேஜர் இரண்டு காகிதத்தையும் அடுக்கி, ஓரத்தைச் சமமாகத் தட்டி, எங்கள் பக்கம் தள்ளினார்.

"வியாழக்கெழம வரைக்கும் ரெண்டே இருக்கட்டும்."

மிச்சம் நாலு எங்கே என்று இரண்டு நாளாக என்னை உலுக்கியவர், இப்போது அந்த நாலையும் வெளியே விடாதே என்கிறார். குரூப்பில் போட்டதை என்ன செய்வது சார் என்று கேட்டேன். ஆடிட் முடியட்டும், நீயும் அன்றைக்கு இங்கே இரு என்றார். நான் வெளியே வந்து, என் கையாலேயே டிக்கைப் போட்டேன். அண்ணனின் காகிதத்தைப் பார்க்காமலே போட்டேன் என்பதுதான் எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம்.

5. வியாழக்கிழமை

ஆடிட்டுக்கு வந்தது கவிதா என்ற ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் டேப்லெட், காலில் வயலுக்கு ஏற்ற சப்பாத்து. மேசை நாற்காலியெல்லாம் எண்ணி முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மேனேஜர் அவருக்குப் பின்னால், பெருமாள் அண்ணன் வலது பக்கம், நான் கதவோரம். நாலு பேரும் மெஷின் திறப்பதற்காகக் காத்திருந்தோம். நெடுநேரம் காத்திருந்தோம்.

ஒருவழியாக டாஸ்க் மேனேஜர் வந்தது. கோர்: 2. டேப்லெட்டில் டிக் போட்டார். பெருமாள் அண்ணன் விட்ட மூச்சில் மேசைமேல் இருந்த காகிதம் அசைந்தது.

அவர் எழுந்திருக்காமல் மெஷினின் பெட்டியையே பார்த்தார். கறுப்புப் பெட்டி, கீறல் இல்லை, முன்பக்கம் பளபளவென்று இருந்தது. அதன் மேல், நாலு மூலையும் மழுங்கி மஞ்சளாகிப் போன ஒரு ஸ்டிக்கர். பழைய பெட்டியிலிருந்து உரித்து ஒட்டியது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"அங்கிள்தானே இத சர்வீஸ் பண்றது? எத்தன வருஷ மெஷின் இது?"

மேனேஜர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். ஏழு மாதம் என்று சொன்னால் மேனேஜர் மாட்டுவார், கிராணி மாட்டுவார், என் பெயர் அந்தக் குரூப்பிலேயே கிடக்கும். பத்து வருஷம் என்று சொன்னால் பொய். எனக்குப் பொய் சொல்ல வராது. நல்லவன் என்பதால் இல்லை, சொன்ன பிறகு அதைக் காப்பாற்றுகிற தைரியம் கிடையாது.

"ஏழு மாசத்துக்கு முன்ன ரிப்பேர் பண்ணேன், மிஸ்."

"என்ன மாத்துனீங்க?"

வாய் தானாக ஓடியது. "போர்டு மாத்துனேன். ப்ரொசசர் மாத்துனேன். ரேம், ஹாட்டிஸ்கு, பவர் சப்ளை. கேசிங்கும் மாத்துனேன்."

"அப்ப பழசுல மிச்சம்?"

"ஸ்டிக்கர், மிஸ்."

பெருமாள் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கவிதா என்னைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். திரையில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்த சின்ன வட்டத்தைப் பார்த்தார். ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்து, நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் ஓரத்தைக் கீறினார்.

"என்னோட வேல ஃபாரத்தச் செக் பண்றது, அங்கிள். ஃபாரம் சரியா இருக்கு."

டேப்லெட்டில் குறிப்பு எழுதுகிற இடத்தில் ஏதோ தட்டினார். அவர் போன பிறகு மின்னஞ்சலில் வந்த நகலைப் பெருமாள் அண்ணன் எங்களுக்குப் படித்துக் காட்டினார். 'ஸ்டிக்கர் நல்ல நிலையில் உள்ளது.'

கார் கேட்டைத் தாண்டியதும் மேனேஜர் பேசியது ஒன்றுதான். "ஆறாக்கு." பெருமாள் அண்ணனே உட்கார்ந்து, தன் காகிதத்தின் முதல் நாலு படியையும் அப்படியே செய்து, ஐந்தாவதில் டிக்கை எடுத்தார். ஆறு கட்டமும் வந்ததும் எழுந்து நின்று பார்த்தார்.

6. பேர் திரும்பிய விதம்

அன்று மாலை குரூப்பில் மேனேஜர் எழுதினார். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எழுத முடியாது, ஏன் தப்பு என்று கேட்பார்கள். கிராணி செய்தார் என்றும் எழுத முடியாது, ஏன் செய்தார் என்று கேட்பார்கள். ஆகவே, சேகர் வந்து கம்ப்யூட்டரை முழுமையாகச் சரிசெய்துவிட்டார், நம்பிக்கையான ஆள் என்று எழுதினார். இல்லாத வியாதியைக் குணமாக்கியதற்குப் பாராட்டு. மூன்று தடவை படித்தேன். சரோஜா கேட்காமலே அவளுக்கும் படித்துக் காட்டினேன். வேறு வழியில் என் பேர் திரும்பி வராது என்று தெரிந்ததால் அதை அப்படியே வாங்கிக்கொண்டேன்.

இதில் நான் கற்றது, எழுதி வைக்கிறேன். கோர் குறைந்தால் முதலில் பயாஸ், பிறகு பூட் கட்டம், கடைசியில்தான் ஸ்க்ரூடிரைவர். டிக் இருந்தால் எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள், யார் போட்டது என்று கேட்டுவிட்டு வாருங்கள். காரணம் தெரியாதபோது அப்டேட் என்று சொல்லாதீர்கள், அந்தச் சொல்லுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். பில்லில் இப்போதும் ரிப்பேர் என்றுதான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் எந்தத் தோட்டமும் வாங்காது. ஆனால் பயாஸ் திரையை, வாடிக்கையாளர் பக்கத்தில் நிற்க, படம் எடுத்து வைத்துக்கொள்கிறேன். மெஷின் எந்த எண்ணைக் காட்டினாலும், ஃபாரம் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரமே கெர்லிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கிராணி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அவர்களுடைய மேனேஜர் குரூப்பில் என்னைப் பற்றி நல்லபடியாகப் படித்தாராம்.

"எங்க மெஷின்ல எட்டு காட்டுது, சேகரு. ஃபாரத்துல நாலு. செவ்வாய்க்கெழம ஆடிட்டு. உங்களால ஏதும் பண்ண முடியுமா?"

நான் எங்கே தப்பு செய்தேன் என்றுதான் வழக்கம்போல முதலில் தோன்றியது. ஆனால் இப்போது எதை முதலில் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"ஸ்டிக்கர் நல்லா இருக்கா, அண்ணே?"